லிட்டில் ஹவுஸ்: நூலா, பழைய தொடரா, குறுந்தொடரா?

குழந்தைகளோடு உட்கார்ந்து பார்ப்பதற்கு உழவர் குடும்பக் கதை ஒன்று வேண்டும் என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த பிரெய்ரி’ என்ற பெயரில்தான் வந்து நிற்பார்கள். அந்த ஒரே பெயரைச் சுற்றி மூன்று படைப்புகள் இருக்கின்றன. லாரா இங்கால்ஸ் வைல்டர் 1932 முதல் 1943 வரை எழுதி வெளியிட்ட எட்டு நூல்களின் வரிசை முதலாவது. அவற்றில் 1935இல் வந்த மூன்றாவது நூலின் தலைப்பே பிறகு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஆயிற்று. மைக்கேல் லாண்டன் தந்தையாக நடித்து, என்பிசி தொலைக்காட்சியில் 1974 முதல் 1983 வரை ஒன்பது சீசன்கள் ஓடிய தொடர் இரண்டாவது. 2005இல் ஏபிசி ஒளிபரப்பிய குறுந்தொடர் மூன்றாவது. நெட்ஃபிளிக்ஸ் 2025 ஜனவரியில் இன்னொரு புதிய தொடரை அறிவித்தது. அதை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. மற்ற மூன்றில் எதிலிருந்து தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எந்த வயதுக் குழந்தைக்கு எது பொருந்தும் என்பதே இங்கே பேசப்படும் கேள்வி.

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரு உண்மைக் குடும்பத்தின் அலைச்சல். லாரா 1867இல் விஸ்கான்சின் மாநிலத்தின் பெப்பின் அருகே பிறந்தார். அவருடைய தந்தை சார்லஸ் இங்கால்ஸ் மனைவி மக்களைக் கூண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு 1869இல் கேன்சஸுக்குச் சென்றார். 1871இல் விஸ்கான்சினுக்கே திரும்பினார். 1874இல் மினசோட்டாவின் வால்நட் குரோவுக்குப் போனார். 1876இல் அங்கிருந்த நிலத்தை விற்றுவிட்டு அயோவாவின் பர் ஓக்கில் ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்ந்தார். மறுபடி வால்நட் குரோவ். கடைசியில் 1879இல் டகோட்டா பிரதேசத்தின் டி ஸ்மெட். 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி 160 ஏக்கரில் ஐந்து ஆண்டுகள் குடியிருந்து உழுது பயிரிட்டவருக்கு அந்த நிலம் சொந்தம் என்ற வாக்குறுதி, அந்தத் தலைமுறையின் ஏழை உழவர்களை மேற்கு நோக்கி இழுத்துக்கொண்டே இருந்தது. சார்லஸ் கடும் உழைப்பாளி, பிடில் வாசிப்பவர், தச்சுவேலை தெரிந்தவர். ஆனால் விவசாயத்தில் அவர் நிலையாக வென்றார் என்று சொல்ல முடியாது. இந்தத் தோல்வியை ஒவ்வொரு படைப்பும் எப்படிக் கையாள்கிறது என்பதைக் கவனித்தால் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

என்பிசி தொடர் ஏறத்தாழ முழுவதையும் வால்நட் குரோவிலேயே வைத்துக்கொண்டது. உண்மைக் குடும்பம் இரண்டு தவணையாகச் சில ஆண்டுகள் மட்டுமே இருந்த ஊர், தொடரில் நிரந்தரச் சொந்த ஊராகிவிட்டது. வாரந்தோறும் ஒளிபரப்பாகும் தொடருக்கு ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஆலை, ஒரு மளிகைக் கடை, வம்புக்கு நிற்கும் ஓல்சன் குடும்பம் ஆகியவை ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும் என்பதால் இந்த மாற்றம் விளங்கிக்கொள்ளத் தக்கதே. ஆனால் இதைப் பற்றித் தயாரிப்பிலேயே ஒரு கருத்து மோதல் இருந்தது. நூல்களின் தொலைக்காட்சி உரிமையை வாங்கியவர் எட் ஃபிரெண்ட்லி என்ற தயாரிப்பாளர். நூலில் உள்ள வறுமை அப்படியே திரையில் தெரிய வேண்டும் என்பது அவர் விருப்பம். நடிகராகவும் இயக்குநராகவும் தொடரின் கடிவாளத்தைக் கையில் வைத்திருந்த லாண்டன், தந்தையையும் குடும்பப் பாசத்தையும் நடுவில் நிறுத்தினார். ஃபிரெண்ட்லி விலகிக்கொண்டார். முப்பது ஆண்டுகள் கழித்து, 2005 குறுந்தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளராக வந்து, நூலுக்கு நெருக்கமான வடிவத்தைத் தர முயன்றவரும் அவரே. ஆகவே தொடருக்கும் குறுந்தொடருக்கும் இடையே தேர்வு செய்கிறவர் உண்மையில் இந்த இருவரின் பார்வைகளுக்கு இடையேதான் தேர்வு செய்கிறார்.

உழவுத் தொழிலைக் குழந்தைகள் உள்ளபடி அறிய வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால், நூலுக்கு இணையாக வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். 1937இல் வெளிவந்த ‘ஆன் த பேங்க்ஸ் ஆஃப் பிளம் கிரீக்’ நூலில் குடும்பம் முதலில் ஓடைக்கரையில் குடைந்த மண்குடிலில் வாழ்கிறது. கூரையின் மேல் புல் வளர்ந்திருப்பதால் அது கூரை என்றே தெரியாமல் நடந்துபோன ஒரு காளையின் கால் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தந்தை, விளையப்போகும் கோதுமையை நம்பி, அறுத்த பலகைகளைக் கடனாக வாங்கி, கண்ணாடிச் சன்னல் வைத்த புது வீடு கட்டுகிறார். கோதுமை அறுவடைக்குத் தயாராகும் வேளையில் வெட்டுக்கிளிகள் மேகம்போல் வந்து இறங்குகின்றன. வயலைச் சுற்றி வைக்கோலும் சாணமும் போட்டு மூட்டம் எழுப்பியும் பயனில்லை. பயிர் போனதோடு துயரம் முடிவதில்லை. மண்ணைக் கிளறிப் பார்க்கும் தந்தை வெட்டுக்கிளி முட்டைகள் நிறைந்திருப்பதைக் கண்டு, அடுத்த ஆண்டும் விளைச்சல் இல்லை என்று அப்போதே புரிந்துகொண்டு, கிழிந்த பூட்ஸோடு கிழக்கே கூலி அறுவடைக்கு நடந்து செல்கிறார். 1873 முதல் 1877 வரை மினசோட்டாவில் வெட்டுக்கிளிகள் இப்படி ஆண்டுக்கு ஆண்டு அழிவு செய்தது வரலாறு. அந்த இனமே பின்னர் அற்றுப்போயிற்று. 1902க்குப் பிறகு அதை உயிரோடு கண்டவர் இல்லை.

விளையாத விளைச்சலின் மேல் வாங்கிய கடன் என்றால் என்ன என்பதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கு விளக்க வேண்டிய தேவை இருக்காது. ஆனால் அதை ஒரு ஏழு வயதுச் சிறுமியின் கண்வழியே, பெற்றோர் தணிந்த குரலில் பேசிக்கொள்வதை அரைகுறையாகக் கேட்டுக் கேட்டு மெல்லப் புரிந்துகொள்ளும் விதத்தில் எழுதியிருப்பதுதான் அந்த நூலின் தனிச்சிறப்பு. இதே கட்டம் தொடரின் முதல் சீசனில் வேறு உருவம் எடுக்கிறது. அங்கே வெட்டுக்கிளிக்குப் பதில் ஆலங்கட்டி மழை. ஒரே நாளில் கோதுமை சாய்கிறது. தந்தை வேலை தேடி நெடுந்தூரம் நடந்து, பாறை உடைக்கும் இடத்தில் உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதிக்கிறார். ஊரில் பெண்கள் ஒன்றுகூடி மிஞ்சிய கோதுமையைக் கையால் சேர்க்கிறார்கள். உருக்கமான எபிசோடு அது. ஆயினும் ஐம்பது நிமிடத்துக்குள் துயரம் தொடங்கி முடிய வேண்டியிருப்பதால், நிலம் உழவனை ஆண்டுக்கணக்கில் வாட்டும் அந்த நீண்ட காத்திருப்பைத் திரையில் கொண்டுவர முடியவில்லை.

தொழில்நுட்ப விவரங்களிலும் நூலே முந்தி நிற்கிறது. ஆணி இல்லாமல் மரமுளைகளால் கதவு செய்வது எப்படி, குளிர்காலத்து வெளிறிய வெண்ணெய்க்குக் கேரட்டைத் துருவிப் பாலில் காய்ச்சி நிறம் ஏற்றுவது எப்படி என்பவையெல்லாம், பக்கத்தில் நின்று பார்த்துச் செய்துவிடலாம் என்னும் அளவுக்கு வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. கேன்சஸ் வாழ்வைச் சொல்லும் 1935ஆம் ஆண்டு நூலில் கிணறு வெட்டும் பகுதி ஒன்று உண்டு. ஒவ்வொரு நாளும் இறங்குவதற்கு முன் எரியும் மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, அது அணையாமல் இருக்கிறதா என்று சார்லஸ் பார்க்கிறார். உடன் வேலைசெய்யும் அண்டை வீட்டார் ஒருநாள் அதைச் செய்யாமல் இறங்கி விஷவாயுவில் மயங்கி விழுகிறார். கிணற்றில் இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி இறந்த செய்திகளை இன்றும் படித்துக்கொண்டிருக்கும் நமக்கு, அந்த மெழுகுவத்தி ஒரு பழங்கதைப் பொருளாகத் தோன்றாது.

எட்டு நூல்களில் பலர் தாண்டிச் சென்றுவிடும் ‘ஃபார்மர் பாய்’ (1933) பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். இது லாராவின் கதையன்று. அவர் பின்னாளில் மணந்த அல்மான்சோ வைல்டரின் சிறுவயதுக் கதை. நியூயார்க் மாநிலத்தின் மலோன் அருகே, வசதியான பண்ணையில் நடக்கிறது. கோடையின் நடுவில் திடீரென்று உறைபனி விழுந்த ஓர் இரவில் வீடே எழுந்து, வெயில் படுவதற்குள் மக்காச்சோளச் செடி ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்ற ஓடுகிறது. கடைசி மூலை வயலுக்கு அவர்கள் போய்ச் சேர்வதற்குள் சூரியன் முந்திவிடுகிறது. சிறுவன் ஐந்து சென்ட் கேட்கும்போது தந்தை அரை டாலர் நாணயத்தை எடுத்து, உருளைக்கிழங்கு விதைத்ததிலிருந்து விற்றது வரை அவனையே சொல்ல வைத்து, அந்த நாணயத்துக்குள் இருப்பது அவ்வளவு உழைப்பு என்று காட்டிவிட்டு, அதை அவன் கையிலேயே கொடுக்கிறார். அவன் பன்றிக்குட்டி வாங்குகிறான். எட்டு, ஒன்பது வயதுப் பையனுக்கு இந்த வரிசையில் ஒரே ஒரு நூல்தான் தரலாம் என்றால் நான் இதையே தருவேன்.

சற்று வளர்ந்த குழந்தைக்கு, அதாவது பத்து வயதுக்கு மேல், ‘த லாங் வின்டர்’ (1940). 1880 அக்டோபரில் தொடங்கிய பனிப்புயல்கள் டி ஸ்மெட்டுக்கு வரும் ரயிலை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டன. நிலக்கரி தீர்ந்து, வைக்கோலை முறுக்கி விறகாக எரித்தார்கள். மாவு தீர்ந்து, காபிக்கொட்டை அரைக்கும் சிறு கைமில்லில் கோதுமையை நாள் முழுதும் அரைத்து ரொட்டி சுட்டார்கள். அல்மான்சோ தன் விதைக்கோதுமையைப் பொய்ச்சுவருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறான். பசித்த ஊர் ஒருபுறம், அடுத்த ஆண்டின் விதைப்பு மறுபுறம். அதை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், வேறொரு உழவரிடம் கோதுமை இருப்பதாகக் கேள்விப்பட்டு, கடுங்குளிரில் உயிரைப் பணயம் வைத்துத் தேடிப் போகிறான். அந்த உழவரிடம் இருப்பதும் விதைக்கென்று வைத்ததே. விதைநெல்லைத் தொடுவதா என்ற கேள்வியின் கனம் தெரிந்த சமூகத்தில் இந்தப் பக்கங்களை உரக்கப் படித்தால் வீட்டில் உள்ள பெரியவர்களும் அருகில் வந்து உட்கார்வார்கள். நூலில் உள்ளபடி இந்தக் குளிர்காலம் தொடரில் இடம்பெறவில்லை. குறுந்தொடரோ கேன்சஸோடு நின்றுவிடுகிறது.

இவ்வளவு சொன்னதால் தொடரை நான் இரண்டாம் தரமாகக் கருதுகிறேன் என்று கொள்ள வேண்டாம். நூல் மறைத்த ஒன்றைத் தொடர் துணிந்து சொல்லியிருக்கிறது. 1875இல் பிறந்து அடுத்த ஆண்டே இறந்துபோன ஃபிரெடி என்ற தம்பியைப் பற்றி லாரா தம் நூல்களில் ஒரு சொல்லும் எழுதவில்லை. பர் ஓக்கில் கழிந்த காலத்தையும் அப்படியே விட்டுவிட்டார். தொடரின் முதல் சீசனில், கைக்குழந்தையான தம்பி இறந்ததற்குத் தன் பொறாமையே காரணம் என்று எண்ணிக் கலங்கும் லாரா, கடவுளிடம் முறையிட மலையேறிப் போகும் இரண்டு பகுதிக் கதை வருகிறது. மினசோட்டாவின் அந்தச் சமவெளியில் மலை ஏது என்று கேட்கலாம். கலிபோர்னியாவின் சிமி வேலியில் படமெடுத்ததால் வந்த குன்றுகள் தொடர் முழுதும் பின்னணியில் நிற்கின்றன. ஆனால் பத்து வயது மெலிசா கில்பர்ட் அந்தக் குற்ற உணர்வைத் தாங்கி நடித்த விதத்தைப் பார்த்த பிறகு நிலவியல் பிழையைப் பெரிதுபடுத்த எனக்கு மனம் வரவில்லை.

முதல் சீசனின் தொடக்க எபிசோடையும் குறிப்பிட வேண்டும். கலப்பையும் விதையும் பெறுவதற்காகத் தானியக் கடைக்காரரிடம் உழைத்துக் கழிப்பதாக ஒப்பந்தம் செய்து, காளைகளை ஈடாக வைக்கும் சார்லஸ், மரத்திலிருந்து விழுந்து விலா எலும்பை முறித்துக்கொள்கிறார். கெடு முடியும் நாளில் மூட்டைகளை அடுக்க முடியாமல் தள்ளாடும்போது ஊரார் வந்து கை கொடுக்கிறார்கள். ஏர் பூட்டுவதற்கு முன்பே ஒரு குடும்பம் எத்தனை பேருக்குக் கடன்பட வேண்டியிருக்கிறது என்பதை ஆறு வயதுக் குழந்தைக்கும் புரியும்படி காட்டுவது இதுதான். பாட்டி முதல் பேரன் வரை வெவ்வேறு வயதினர் ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால், நூலால் செய்ய முடியாததைத் தொடர் செய்கிறது. நெல்லி ஓல்சனாக அலிசன் ஆர்ங்கிரிம் நடிப்பைக் குழந்தைகள் மறக்க மாட்டார்கள். நூலின் நெல்லி, லாரா உண்மையில் அறிந்திருந்த மூன்று சிறுமிகளைச் சேர்த்து உருவாக்கிய பாத்திரம் என்பதைப் பிறகு சொன்னால் வியப்பார்கள்.

குறுந்தொடரைப் பொறுத்தவரை என் மதிப்பீடு சுருக்கமானது. அது கனடாவின் ஆல்பர்ட்டாவில் எடுக்கப்பட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் வானுமாக விரியும் நிலம், சிமி வேலியை விட நூலின் நிலத்துக்கு எவ்வளவோ நெருக்கமாக இருக்கிறது. கூண்டு வண்டிப் பயணம், ஆறு கடத்தல், வீடு எழுப்புதல் ஆகியவற்றில் நிதானம் காட்டுகிறது. ஒன்பது சீசன்களுக்கு ஏறத்தாழ 150 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். இதைச் சில மாலைகளில் முடித்துவிடலாம். ஆனால் கேன்சஸ் கதையில் பயிர்த்தொழில் குறைவு. குடும்பம் ஒரு முழு அறுவடையைக் காண்பதற்குள் வெளியேறிவிடுகிறது. உழவைத் தேடி வருகிறவர் இதிலிருந்து தொடங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். அதே கேன்சஸ் கதையை 1974 மார்ச்சில் வெளிவந்த தொடரின் முன்னோட்டத் திரைப்படம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சொல்லிவிடுவதால், தொடரைப் பார்க்க முடிவு செய்த வீட்டுக்குக் குறுந்தொடர் கட்டாயமும் அன்று.

எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் பெற்றோர் தயாராக இருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. இதில் நான் சலுகை காட்ட விரும்பவில்லை. சார்லஸ் கேன்சஸில் வீடு கட்டிய நிலம் ஓசேஜ் என்ற பழங்குடி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம். அங்கே குடியேற அவருக்குச் சட்ட உரிமை இல்லை. 1870ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் ஓசேஜ் மக்கள் அந்த நிலத்தை விட்டு இன்றைய ஓக்லஹோமாவுக்குச் செல்ல நேர்ந்தது. நூலிலோ, அரசு வீரர்கள் குடியேறியவர்களை வெளியேற்றப் போகிறார்கள் என்பதே துயரமாக நிற்கிறது. இங்கால்ஸ் குடும்பம் விஸ்கான்சினுக்குத் திரும்பியதற்கு, அங்கே விற்ற நிலத்துக்கு வாங்கியவரால் பணம் கட்ட முடியாமல் போனதும் ஒரு காரணம். அந்த நிலத்தில் மனிதர்களே இல்லை, இந்தியர்கள் (அமெரிக்கப் பழங்குடியினர்) மட்டுமே வாழ்ந்தார்கள் என்னும் பொருள்பட முதல் பதிப்பில் இருந்த வரியை, 1950களில் பதிப்பாளர் ‘மனிதர்கள்’ என்பதைக் ‘குடியேறியவர்கள்’ என்று மாற்றினார். லாராவின் பெயரில் 1954 முதல் வழங்கப்பட்ட சிறுவர் இலக்கிய விருதின் பெயரை அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு 2018இல் மாற்றியதற்கும் இத்தகைய வரிகளே காரணம். தொடரின் சில எபிசோடுகள் பழங்குடியினருக்கு இழைக்கப்பட்ட அநீதியை நேராகவே பேசுகின்றன. இந்த ஒரு விஷயத்தில் நூலை விடத் தொடர் நேர்மையானது. ஆயினும் அதில் சரக்கு ஏற்றிச் செல்லும் ஊராக அடிக்கடி காதில் விழும் மான்கேட்டோவில்தான், 1862 டிசம்பர் 26 அன்று டகோட்டா பழங்குடி ஆண்கள் 38 பேர் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். உழ நிலம் எங்கிருந்து வந்தது என்று குழந்தை கேட்கும். கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும்.

எங்கே நிறுத்துவது என்பதில் என் கருத்து உறுதியானது. முதல் நான்கு சீசன்கள் போதும். ஐந்தாவது சீசனிலிருந்து குடும்பம் சிலகாலம் நகரத்துக்குப் போகிறது. உண்மை வாழ்வில் இல்லாத ஆல்பர்ட் என்ற வளர்ப்பு மகன் வருகிறான். வயல் பின்னால் தள்ளப்பட்டு, நெருக்கடிகள் முன்னால் வருகின்றன. ஆறாவது சீசனில் பார்வையற்றோர் பள்ளி தீப்பற்றிக் கைக்குழந்தையும் இறக்கும் கதையும், ஏழாவது சீசனில் ஒரு சிறுமி பாலியல் வன்முறைக்கு ஆளாகும் கதையும் வருகின்றன. குடும்பத் தொடர் என்ற பெயரை நம்பிச் சிறுவர்களைத் தனியே பார்க்க விடக் கூடாது. ஒன்பதாவது சீசனில் சார்லஸும் மனைவி கேரலைனும் ஊரை விட்டே போய்விடுகிறார்கள்.

ஆகவே ஆறு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகள் உள்ள வீட்டில், முன்னோட்டத் திரைப்படத்தைப் பெற்றோர் முதலில் பார்த்துவிட்டு, முதல் சீசனை வாரம் இரண்டு எபிசோடாகப் பார்க்கச் சொல்வேன். அது முடிந்ததும் பிளம் கிரீக் நூல். ஆங்கிலம் செவிக்கு இன்னும் பழகாத குழந்தைக்குத் தொடரின் பேச்சு வேகமாகத் தோன்றலாம். நூலின் வாக்கியங்கள் சிறியவை, எளியவை, பத்தி பத்தியாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போக ஏற்றவை. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வரிசையைத் திருப்பி, ‘த லாங் வின்டர்’ நூலிலிருந்தே தொடங்கலாம். குறுந்தொடரைப் பார்ப்பதானால் ஓசேஜ் மக்களின் வரலாற்றைச் சொல்லித் தந்த பிறகு பாருங்கள்.

நான்காவது சீசன் 1978இல் லாராவின் அக்கா மேரி பார்வை இழப்பதோடு முடிகிறது. உண்மையில் அது 1879இல், அவருடைய பதினான்காம் வயதில் நடந்தது. தொடரின் மேரி ஆசிரியையாகித் திருமணமும் செய்துகொள்கிறார். உண்மை மேரி அயோவாவின் விண்டனில் இருந்த பார்வையற்றோர் கல்லூரியில் படித்துவிட்டு, மணம் செய்துகொள்ளாமல் குடும்பத்தோடு வாழ்ந்தார். அந்த எபிசோடைப் பார்த்த இரவே ‘பை த ஷோர்ஸ் ஆஃப் சில்வர் லேக்’ நூலின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு நீதான் இனிக் கண் என்று தந்தை சொன்னதிலிருந்து, ரயில் பெட்டியில் ஏறியவர்களின் உடையையும் சன்னலுக்கு வெளியே ஓடும் நிலத்தையும் லாரா மேரிக்கு உரக்கச் சொல்லிக்கொண்டே வருகிறாள். அந்தப் பக்கங்களைக் குழந்தையைக் கண்மூடிக் கேட்கச் சொல்லி நீங்கள் படியுங்கள்.